படபடப்பைத் தணிப்பது மூச்சை இழுப்பதா, விடுவதா?

"படபடப்பு வந்தால் வேகவேகமாக, ஆழமாக மூச்சை இழுங்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி மனம் அமைதியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் அறிவுரை தவறானது. அக்கறையோடுதான் பகிர்கிறார்கள் என்றாலும், படபடப்பில் இருப்பவருக்கு அது தொல்லையையே கூட்டும்.

நல்ல உடல்நிலையில் உள்ளவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு ஏற்கெனவே 95 முதல் 100 விழுக்காடு வரை இருப்பதால், மேலும் ஏற்றுவதற்கு அங்கே ஏறக்குறைய இடமே இல்லை. வேகமாக இழுத்து விடும்போது உண்மையில் மாறுவது கார்பன் டை ஆக்சைடின் அளவுதான். அது மிகவும் குறைந்ததும் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, தலை கிறுகிறுத்து, விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போக, ஏதோ ஆபத்து என்று அஞ்சி அவர் இன்னும் வேகமாக மூச்சு வாங்கத் தொடங்குகிறார்.

ஆறுதல் தருவது மூச்சை மெல்ல விடும் பகுதியே. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது சற்று விரையும் துடிப்பு, விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயலால் தளர்வதைப் பலரால் விரலிலேயே உணர முடியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்விலும், நாள்தோறும் 5 நிமிடம் நீண்ட வெளிமூச்சைப் பயின்றவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது.

மூக்கால் இயல்பாக இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நேரம் விட்டால் போதும். மூச்சை வலிந்து அடக்க வேண்டியதில்லை. நெஞ்சுவலியோ கடுமையான மூச்சுத் திணறலோ சேர்ந்திருந்தால், பயிற்சியில் நேரத்தைக் கழிக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.