அது ஓனர் இஷ்டம் இல்லைங்க

மேல ஒருத்தர் ஏஎஸ்350 பி3 ஹெலிகாப்டர் பத்தி, ஆரியல் 2 எஞ்சின்ல ஃப்யூயல் பார்ட்ட மாத்தச் சொல்றது கம்பெனியோட ஆலோசனை மட்டும்தான், ஓனர் இஷ்டம்னு போட்டிருக்கார். அமெரிக்க விதிப்படி பாதி சரிங்க. கம்பெனி விடுற சர்வீஸ் புல்லட்டின் (பராமரிப்பு அறிவிப்பு) தனியா இருந்தா தனியார் ஓனரைப் பொதுவா கட்டுப்படுத்தாது, ஆனா அதே விஷயத்துக்கு அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் (பாதுகாப்புக் குறையைச் சரிபண்ணச் சொல்ற உத்தரவு) போட்டுட்டா அது சட்டம், விமான விதிகள்ல பகுதி 39லயே அப்படித்தான் இருக்கு. இந்த எஞ்சினுக்கு எரிபொருளை அளந்து விடுற ஹைட்ரோமெக்கானிக்கல் யூனிட்டுக்கு டைரக்டிவ் வந்திருக்கு, உள்ள இருக்குற டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிஞ்சா எரிபொருள் அளவே தப்பிடும், இருக்குறதோ ஒத்த எஞ்சின், அது கைவிட்டா ஆட்டோரொட்டேஷன்ல (எஞ்சின் சக்தி இல்லாம, காத்துல சுத்துற மேல் விசிறியை வச்சே) இறக்குறதைத் தவிர பைலட்டுக்கு வேற வழி இல்ல.

நான் சொல்றத நம்ப வேணாம், எஃப்ஏஏவோட விதிகள், உத்தரவுகள் இருக்குற டிஆர்எஸ் தளத்துல இல்லன்னா ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈஏஎஸ்ஏவோட தளத்துல எஞ்சின் பேரைப் போட்டுத் தேடுங்க, காசு கிடையாது. தலைப்பைப் பார்த்ததும் மூடிடாதீங்க (எல்லாரும் வழுக்குறது அங்கதான்), அப்ளிகபிலிட்டி (எதுக்கெல்லாம் பொருந்தும்ங்கிற) பத்தியில இருக்குற பார்ட் நம்பரையும் யூனிட் மேல இருக்குற தகட்டு நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்க. எத்தனை மணி நேரம் பறக்குறதுக்குள்ள மாத்தணும்னு கம்ப்ளையன்ஸ் (எப்படி, எப்போ நிறைவேத்தணும்ங்கிற) பத்தியில இருக்கும். மாத்தியாச்சுன்னா மெயின்டனன்ஸ் ரெக்கார்டுல அந்த டைரக்டிவ் நம்பரோட பதிவு இருந்தே ஆகணும்.