அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் ஒரு கணக்கு

சென்ற மாதம் தேவகோட்டைப் பக்கத்து ஊராட்சி ஒன்றில், அரசு வீட்டுத் திட்டத்தில் பணி ஆணை பெற்ற குடும்பங்களுக்கான நிதி விழிப்புணர்வு முகாமில் பேச என்னை அழைத்திருந்தார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இத்தகைய அழைப்புகள் எனக்கு வருவதுண்டு. மேடைக்குப் பின்னால் உண்டியல் படம் போட்ட பதாகை ஒன்று தொங்கியது. எனக்கு முன் பேசியவர் சிக்கனத்தின் அருமையை நாற்பது நிமிடம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலையிலிருந்து நேரே வந்த பெண்கள். அவர் முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், அஸ்திவாரத்துக்கே ஒன்னேகால் லட்சம் போயிருச்சு. ஓவர்சியர் அளந்துட்டுப் போயி இருபது நாளாச்சு. பில்லு ஏறுற வரைக்கும் வட்டிக்கு என்ன செய்யிறது?” என்று கேட்டார். மேடையில் இருந்த எவரிடமும், என்னையும் சேர்த்தே சொல்கிறேன், அதற்குப் பதில் இல்லை. நல்லவேளையாகத் தேநீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து மனத்தில் இருப்பதை எழுதிவிடுகிறேன். சேமிப்பைப் பற்றி அந்தப் பெண்களுக்குச் சொல்ல என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. மகளிர் குழுவில் மாதச் சந்தாவை ஒரு நாளும் தவறவிடாதவர்கள் அவர்கள். ஏழு வருடத்துக்கு முன் எந்த உறவினர் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு மொய் செய்தோம், அதில் எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித் தராதது ஒன்றுதான்: இந்த வீடு எந்த மாதத்தில் எவ்வளவு பணம் கேட்கும், அந்த மாதத்தில் கையில் எவ்வளவு இருக்கும், இடையில் விழும் பள்ளத்தை எந்த வட்டிக்கு வாங்கி நிரப்பலாம் என்ற கணக்கு. அதை முதல் குழி தோண்டுவதற்கு முன்பே சொல்லித் தர வேண்டும். தளம் போட்ட பிறகு நடத்தும் முகாமால் யாருக்கும் பயனில்லை.

தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. தொகை ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. வேலை ஒவ்வொரு கட்டத்தை எட்டியதும் அளந்து பார்த்து, பகுதி பகுதியாக வங்கிக் கணக்கில் ஏறும். அதாவது முதலில் கட்ட வேண்டும், பிறகுதான் பணம். முகாமில் கேள்வி கேட்ட பெண்ணுக்குக் கொத்தனார் சொன்ன விலை சதுர அடிக்கு 1,500 ரூபாய். அப்படியானால் 360 சதுர அடிக்கு 5.40 லட்சம் ஆகும். அரசுப் பணம் போகக் குடும்பம் போட வேண்டியது 1.90 லட்சம். இதுவே ஒரு கூலிக் குடும்பத்துக்குப் பெரும் சுமை. ஆனால் கடகால் எடுக்கும் நாளில், “இடந்தான் கெடக்கே, மகளுக்கு ஒரு ரூம் சேத்துப் போட்டுக்கிருவோம்” என்று கொத்தனார் சொல்ல, அளவு 480 சதுர அடியாகிவிட்டது. செலவு 7.20 லட்சம். குடும்பத்தின் பங்கு 3.70 லட்சம், ஏறக்குறைய இரு மடங்கு. வாயால் சொன்ன ஒரு சொல்லில் இவ்வளவும் நடந்தது. அன்றைக்குப் பக்கத்தில் நின்று இந்த நான்கு எண்களைத் தரையில் எழுதிக் காட்ட ஒருவர் இருந்திருந்தால், என் நாற்பது முகாம்களைவிட அது பெரிய காரியமாக இருந்திருக்கும்.

வட்டிக்கு வருகிறேன். அஸ்திவாரச் செலவுக்காக அவர் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 50,000 ரூபாய் வாங்கியிருந்தார். “ஒன்னரை வட்டிதான் சார், ஊருல மூணு வட்டி போகுது” என்றார். இருபத்து நான்கு மாதங்கள், மாதம் 2,833 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 68,000, வட்டி 18,000. மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்பது சரிதானே என்று தோன்றும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறார். பாதி வழியில் அவரிடம் இருப்பது பாதிக் கடனை ஒட்டிய தொகைதான். வட்டியோ கடைசி மாதம் வரை முழு ஐம்பதாயிரத்துக்கும் போடப்படுகிறது. குறைந்து வரும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் அது மாதம் இரண்டரை வட்டிக்கும் மேல், ஆண்டுக்கு 31 சதவீதத்துக்கும் மேல். செயல்பாட்டுக் கட்டணம், காப்பீடு என்று பிடித்தம் போக அவர் கைக்கு வந்தது 48,500 மட்டுமே என்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 35. இதில் வேடிக்கை என்னவென்றால், ரேஷன் அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் அவர் வைத்திருந்த கடன் விவரத் தாளில், ஆண்டு வட்டி வீதம் தமிழிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அவர் வீட்டுப் பெட்டியில் மூன்று பவுன் நகை இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் அதை வைத்திருந்தால் பாதி வட்டிக்கும் குறைவாகவே முடிந்திருக்கும். ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். அவருடைய தாயாரின் சங்கிலி பல வருடங்களுக்கு முன் ஓர் அடகுக் கடையில் மூழ்கிப்போனதாம். அதன் பிறகு அந்த வீட்டில் நகையை அடகு வைப்பது என்ற பேச்சே கிடையாது. இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டறிவிலிருந்து வந்த அச்சம் அது. ஆனால் தவணை தேதி, புதுப்பிக்கும் முறை, ஏலத்துக்கு முன் வரவேண்டிய அறிவிப்பு ஆகியவற்றை எடுத்துச் சொன்னால் அந்த அச்சம் பாதியாகக் குறையும்.

கணக்குக்குப் பேர்போன செட்டிநாட்டு மண் இது என்பதால்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டபோது சென்னை, இரங்கூனோடு காரைக்குடியிலும் அதே நாளில் கிளை திறக்கப்பட்டது. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த நகரத்தாரின் வட்டிக்கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவன் பேரேட்டோடும் வட்டிக் கணக்கோடும் வளர்ந்து அடுத்தாளாகி, மேலாளாகி, ஒருநாள் தனிக்கடை போடுவான். அதற்கு ஈடான நிதிக் கல்வியை இன்றைய கல்லூரிகள் தருவதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எப்போதும் கடன் கொடுப்பவர் பக்கத்திலேயே இருந்தது. 1930-களில் நெல் விலை சரிந்து விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல் போனபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் அல்ல அது. இறுதியில் அவர்களுக்கும் நிலைக்கவில்லை. கடன் வாங்குபவருக்குக் கணக்குத் தெரியாவிட்டால் கொடுத்தவருக்கும் சுகமில்லை என்று என் பாட்டனார் சொல்வார். ஒரு செட்டியார் வீட்டில் நாற்பது வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் அவர்.

சட்டம் தரும் பாதுகாப்பும் உண்டு. ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்குப் பிணையில்லாமல் தரப்படும் நுண்கடன்களில், எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வந்து தொல்லை தரக் கூடாது. முகாமில் இந்த மூன்றையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். உண்டியல் பதாகைக்கு ஆன செலவில் இவற்றைப் பணி ஆணையின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கலாம்.

அமெரிக்காவில் அரசு வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கென 1990-இல் ஏற்படுத்தப்பட்ட ஒரு திட்டத்தைப் பற்றி எண்ணிப் பார்க்கிறேன். அங்கே வாடகை பொதுவாக வருமானத்தில் 30 சதவீதம் என்பதால் சம்பளம் கூடினால் வாடகையும் கூடும். திட்டத்தில் சேரும் குடும்பத்துக்கு, அப்படிக் கூடும் வாடகைக்கு ஈடான தொகை தனிக் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். பொதுவாக ஐந்தாண்டு ஒப்பந்தத்தை முடித்ததும் அது குடும்பத்தின் கைக்கு வரும். அங்கே பாடத்துக்குப் பக்கத்திலேயே பணமும் இருக்கிறது. நம் ஊரில் வாடகை வீடு அல்ல, சொந்த வீடு. ஆகவே அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் பணி ஆணையோடு ஒரு கணக்கு நோட்டைக் கொடுத்து, அதே ஊர் மகளிர் குழுவில் கணக்கு எழுதும் பெண்ணுக்கு ஊதியம் கொடுத்து, அஸ்திவாரம் முதல் பால் காய்ச்சும் நாள் வரை மாதம் ஒருமுறை அந்த வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்வதற்கு என்ன தடை?

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பில் இரண்டு மாதம் தாமதமானால் அதன் வட்டி குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. அந்தத் தாமதத்துக்குக் குடும்பத்தின் நிதி அறிவைக் குறை சொல்வது அநியாயம். நோட்டில் ஒரு பக்கத்தை, அளந்த தேதிக்கும் பணம் ஏறிய தேதிக்கும் இடையிலான நாட்களை எழுதுவதற்கென்று ஒதுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை அதிகாரிகள்தான் படிக்க வேண்டும்.

முகாமுக்கு இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் மனைக்குப் போனேன். அவர் மகளின் பழைய பள்ளி நோட்டில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தோம். நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து அந்த 50,000 ரூபாய்க் கடனை அடைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு அவர் சம்மதிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கூடுதல் 120 சதுர அடிக்குக் கடகால் ஏற்கெனவே எழுந்துவிட்டதால், அதன்மேல் சுவர் எழுப்பாமல் இப்போதைக்குத் திறந்த திண்ணையாக விட்டுவிடுவது என்றும், மகளுக்கான அறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் பேசி முடித்தோம். கொத்தனாருக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.