லேக் அடிச்ச படங்களுக்குத்தான் என் ஓட்டு

இந்த ஒரு வருஷத்தில் பார்த்ததில் எதெல்லாம் பிடித்தது என்று இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டாப் டென் போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் என்ன வித்தியாசம் என்று போட்டவருக்கே தெரியாது. ஆனால் மனதில் தங்கியதை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தால், முக்கால்வாசிப் படங்களைப் பற்றி நண்பர்கள் சொன்னது ஒரே வசனம்தான்: "நல்ல படம்தான் ப்ரோ, ஆனா செம லேக்."

படம் மெதுவாகப் போகிறது என்று சொல்லும் அந்த லேக்குக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் மெய்யழகன். 2024 செப்டம்பர் 27 ரிலீஸ். வந்த சில நாட்களிலேயே நீளம் என்று புகார் கிளம்பி, படக்குழுவே சுமார் 18 நிமிடங்களை வெட்டியது. வியாபாரக் கணக்கு அவர்களுடையது, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தப் படத்தின் கதையே நேரம்தான். 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள் (அரவிந்த்சாமி), இருபது வருஷத்துக்கு மேல் கழித்து தங்கச்சி கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். ஒருத்தன் "அத்தான் அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். சாப்பிட வைக்கிறான், வீட்டுக்குக் கூட்டிப்போகிறான், ராத்திரி முழுக்கப் பாசத்தைக் கொட்டுகிறான். வாங்கிக்கொள்கிறவனுக்கு அவன் பேர் தெரியாது. கேட்கவும் கூச்சம். முதலில் அது நமக்குச் சிரிப்பாக இருக்கிறது, அப்புறம் சங்கடம், அப்புறம் குற்ற உணர்ச்சி. இந்த மூன்றையும் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடு என்றால் எந்த இயக்குநரால் முடியும்? அருள் தவிக்கிற நேரம் முழுக்க நாமும் கூடவே உட்கார்ந்து தவித்தால்தான், பழைய சைக்கிள் விஷயம் தெரியவரும்போது தொண்டை அடைக்கும். இயக்குநர் பிரேம்குமாருக்கு அது தெரிந்திருக்கிறது. கல்யாண மேடையில் அண்ணன் தங்கச்சிக்கு நகை போட்டுவிடும் காட்சியைப் பாருங்கள். பின்னால் மொய் எழுத ஒரு க்யூ நிற்கும் என்ற கவலையே அங்கே இல்லை. வேறு ஆளாக இருந்தால் ஒரு க்ளோசப், கொஞ்சம் வயலின் என்று முடித்திருப்பார்.

இதே படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அரவிந்த்சாமி அழுவது அவருக்குக் காமெடியாகத் தெரிந்ததாம். தெரியாமல் என்ன செய்யும்?

அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆகஸ்ட் 23 அன்று வாழையும் கொட்டுக்காளியும் ஒரே நாளில் வந்தன. எல்லோரும் வாழைக்குப் போனார்கள், நானும்தான். தலையில் வாழைத்தாரோடு சேற்றில் கால் வழுக்க நடக்கிற பையன்கள், லீவு நாள் வந்தாலே பயந்து சாகிற சிறுவன் சிவனணைந்தான், தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்டு நடக்கும் பேரம் என்று மாரி செல்வராஜ் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்திருக்கிறார். டீச்சர் காட்சிகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பது மட்டும் என் குறை. இதற்குத் திட்டு விழும் என்று தெரியும், பரவாயில்லை.

ஆனால் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது கொட்டுக்காளியைத்தான். பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய் வந்த படம். "இது பெஸ்டிவல் படம், இதை எதுக்கு தியேட்டருக்குக் கொண்டு வந்தீங்க?" என்று அப்போது ஒரு பெரிய சண்டையே நடந்தது. பின்னணி இசை கிடையாது. ஒரு ஷேர் ஆட்டோ, இரண்டு மூன்று பைக், காலைக் கட்டிய சேவல், வாயே திறக்காத ஒரு பெண். வேற்று சாதிப் பையனை விரும்பியதால் பேய் பிடித்துவிட்டது என்று மீனாவை ஊரே சேர்ந்து சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. அவ்வளவுதான் கதை. தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் பாண்டியாக வருகிற சூரியைப் பார்த்து, பரோட்டா காமெடி செய்த ஆளா இது என்று இருந்தது.

வழியில் ஒரு காளை ரோட்டை மறித்து நிற்கும். மீசை வைத்த ஆண்கள் அத்தனை பேரும் இறங்கி விரட்டிப் பார்ப்பார்கள். அது அசையாது. கடைசியில் ஒரு சின்னப் பெண் குழந்தை வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போவாள். யாரும் விளக்கம் சொல்ல மாட்டார்கள், ஆட்டோ கிளம்பிவிடும். அந்த இடத்தில் இயக்குநர் வினோத்ராஜ் அவசரப்பட்டிருந்தால் அது வெறும் குறியீடு ஆகியிருக்கும். நிஜமாகவே ரோட்டில் மாடு நின்றால் எவ்வளவு நேரம் ஆகுமோ, எவ்வளவு கடுப்பு வருமோ, அதை நமக்கும் வரவைத்ததால்தான் ஆண்களின் வீரம் எவ்வளவு என்பது நமக்கே புரிகிறது. மீனாவாக வரும் அன்னா பென்னுக்கு வசனமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் மொத்தப் படத்திலும் அவரை மட்டும்தான் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மலையாளத்தில் உள்ளொழுக்கு. குட்டநாட்டு வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, கல்லறை மேல் நிற்கும் தண்ணீர் எப்போது வடியும் என்று குடும்பமே காத்திருக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒருத்திக்கொருத்தி மறைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. ஊர்வசி தண்ணீரில் சேலையை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தாலே அந்தம்மாவின் வயசும் களைப்பும் தெரிந்துவிடும். நடிப்பு ராட்சசி என்று நாம் சும்மாவா சொல்கிறோம்.

பாயல் கபாடியாவின் ஆல் வி இமேஜின் ஆஸ் லைட் படத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கான் விழாவின் பிரதான போட்டிக்கு 30 வருஷம் கழித்துப் போன இந்தியப் படம், கிராண்ட் ப்ரி வாங்கியது. எனக்கு அந்த ரைஸ் குக்கர் ஒன்றே போதும். கதாநாயகியின் புருஷன் ஜெர்மனிக்குப் போனவன், போன் பேசுவதையே நிறுத்தியவன். திடீரென்று அனுப்பினவர் பேர் இல்லாமல் சிவப்பு நிறத்தில் ஒரு ஜெர்மன் குக்கர் பார்சலில் வருகிறது. ராத்திரி எல்லாம் அடங்கின பிறகு கதாநாயகி கனி குஸ்ருதி தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். நம்மூரில் வெளிநாட்டிலிருந்து வந்த டார்ச் லைட்டையும் கோடாலித் தைலத்தையும் பீரோவில் வைத்துப் பூட்டிய அக்காக்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லப்பர் பந்து இந்தப் பட்டியலில் சேராது. அதில் லேக்கே இல்லை. பொட்டு வச்ச தங்கக் குடம் பாட்டுக்கு தியேட்டரே எழுந்து ஆடியது. கெத்து தினேஷும் சரி, ஹரிஷ் கல்யாணும் சரி, எதிர் எதிரே நின்றாலும் இரண்டு பேருமே நல்லவர்கள். ஆனாலும் படம் முழுக்க சண்டை ஓடுகிறது. எழுத்து என்றால் அதுதான். ஸ்வாசிகா மட்டும் இன்னும் பத்து நிமிஷம் வந்திருக்கலாம்.

இனி சீரிஸ். இங்கேதான் எனக்கு ஆத்திரம். சினிமாவில் ஐந்து நிமிஷம் மெதுவாகப் போனால் லேக் என்கிற அதே கூட்டம், வெப் சீரிஸில் ஒரே ஆளை மூன்று எபிசோடு சந்தேகப்பட்டு, நாலாவதில் அவர் இல்லை என்று விட்டுவிட்டால் "செம ட்விஸ்ட்" என்கிறது. சுழல் முதல் சீசன் எனக்கு உயிர். மயானக் கொள்ளைத் திருவிழாவையும் கதையையும் அப்படிப் பின்னியிருந்தார்கள். இரண்டாவது சீசனில் திருவிழா இருக்கிறது, கடலோர ஊர் இருக்கிறது, ஆனால் எட்டு எபிசோடுக்கான சரக்கு இல்லை. பாதிக்கு மேல் ஓடுவதும் துரத்துவதும்தான். நான் சொல்லும் மெதுவுக்கும் இந்த இழுவைக்கும் சம்பந்தமே கிடையாது.

தலைவெட்டியான் பாளையம் வேறு மாதிரிப் பிரச்சினை. பஞ்சாயத் என்ற இந்தித் தொடரை அப்படியே தமிழில் இறக்கிவிட்டார்கள். நம்மூரில் ஊராட்சி செயலர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், இல்லையென்றால் பக்கத்து ஊர்க்காரர். பட்டணத்துப் பையன் பரீட்சை எழுதிவிட்டு வந்து ஊராட்சி அலுவலகத்திலேயே தங்கிப் படிப்பது இங்கே ஒட்டவே இல்லை.

அடோலசன்ஸ் என்ற ஆங்கில சீரிஸ் மட்டும் என்னைக் கட்டிப்போட்டது. நாலே எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரே ஷாட். விடிகாலையில் கதவை உடைத்து 13 வயதுப் பையனைப் பிடிக்கிறார்கள், வேனில் ஏற்றுகிறார்கள். வேறு தொடராக இருந்தால் அடுத்த ஷாட்டே ஸ்டேஷன்தான். இங்கே கட் இல்லாததால் அந்தப் பயணம் முழுவதையும் அவனோடு சேர்ந்து நாமும் போயாக வேண்டும். மூன்றாவது எபிசோடில் ஒரு அறை, ஒரு மேஜை, பையன், மனநல நிபுணர், பாதி சாண்ட்விச். ஓவன் கூப்பர் ஒரு நிமிஷம் குழந்தை மாதிரி இருக்கிறான், அடுத்த நிமிஷம் எழுந்து நின்று கத்தும்போது நாமே நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறோம். வீட்டில் டீன்ஏஜ் பிள்ளை வைத்திருப்பவர்கள் தனியாகப் பாருங்கள், அப்புறம் சேர்ந்து பாருங்கள்.

படங்களில் குடும்பஸ்தன் எங்கே, மலையாள கிஷ்கிந்தா காண்டம் எங்கே என்று கேட்பீர்கள். முதலாவதில் வயிறு வலிக்கச் சிரித்தேன், கடைசி அரை மணி நேரம் தவிர. இரண்டாவதைப் பற்றி ஒரு வரி சொன்னாலும் கதை வெளியே வந்துவிடும், விஜயராகவனுக்காகப் பார்த்துவிடுங்கள்.

சுழல் மூன்றாவது சீசன் வந்தால் முதல் நாளே பார்ப்பேனா? பார்ப்பேன். கதிர் இருக்காரில்ல!