டீமில் இல்லாத பிள்ளைகள்

சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளையை எவ்வளவு கொண்டாடினாலும் தகும். ஆனால் டீமில் இடம் கிடைக்காத, டீமுக்கே ஆசைப்படாத பிள்ளைகளுக்கு நம் பள்ளிகளில் என்ன இருக்கிறது?

என் மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். ஏழாவது வரை கோ-கோ என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. இப்போது பி.இ.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள், வகுப்புப் பெண்களில் முக்கால்வாசிப் பேரோடு. ஒருநாள் பள்ளிக்குப் போனபோது நேரிலேயே பார்த்தேன். மைதானம் முழுக்கப் பையன்களின் வாலிபாலும் கிரிக்கெட்டும். பெண்களுக்கு ஓரத்தில் ஒரே ஒரு ரிங். கீழே விழுந்த ரிங்கை எடுக்கப்போன ஒரு பெண், முதலில் ஓவர்கோட்டை இழுத்துவிட்டாள், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள், அப்புறம்தான் குனிந்தாள்.

"பெரிய மனுஷி ஆயிட்ட, இன்னும் என்ன ஓட்டம்?" என்று வீட்டில் ஆரம்பிப்பது அங்கே வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு சோம்பேறித்தனம், செல்போன் என்று பிள்ளைகள் மேல் பழி போடுகிறோம்.

11 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாடும் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலக அளவில் பெண் பிள்ளைகளில் 85 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை. பையன்களில் 78 சதவீதம். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை வேறு. வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், நல்லது. அந்த உடம்பு ஓடியாட நேரம் யார் கொடுப்பது? பத்தாவது வந்துவிட்டால் பி.இ.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார், பெற்றோர் நாமும் சந்தோஷப்படுகிறோம்.

பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் தற்காப்புக் கலைப் பயிற்சி நடக்கிறதே, அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. இங்கே கராத்தே சொல்லிக்கொடுத்தபோது மரத்தடிக் கூட்டம் மொத்தமும் எழுந்து வந்தது. அதில் செலக்‌ஷன் கிடையாது, தோற்கிறவர் கிடையாது. எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், பயிற்சி கொடுத்தவரும் பெண். குண்டாக இருக்கிறோம் என்று ஒதுங்கியே நிற்கும் ஒரு பிள்ளை தொண்டை கிழியக் கத்திக் குத்துவிட்டதை நான் பார்த்தேன். மூன்று மாதம் முடிந்தது, மாஸ்டர் போய்விட்டார், பிள்ளைகள் மறுபடி மரத்தடிக்கே வந்துவிட்டார்கள்.

இது வருஷம் முழுக்க நடக்க வேண்டும், அதுவும் பள்ளி நேரத்துக்குள்ளேயே. சாயங்காலம் வைத்தால் டவுன் பஸ்ஸை விட்டுவிடும் பயத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது மைதானம் முழுசாகப் பெண்களுக்கு வேண்டும். விளையாட்டு நாளில் சுடிதாருக்குப் பதில் டிராக் பேண்ட், டீ-ஷர்ட் போட அனுமதி வேண்டும். கழிப்பறையில் தண்ணீரும் நாப்கின் போட ஒரு மூடி வைத்த கூடையும் இல்லாமல், மாதவிலக்கு நாளில் ஏன் விளையாட வரவில்லை என்று ஒரு பிள்ளையைக் கேட்க நமக்கு உரிமையே இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்குத்தான், மொத்தத்தில் பாதி இடம் பெண்களுக்கு. அடுத்த கூட்டத்தில் இவ்வளவையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். கூட வருகிற அம்மாக்கள் கமெண்டில் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் இதில் ஏதாவது ஏற்கெனவே நடக்கிறதென்றால் எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதுங்கள், அதையும் சேர்த்துக் கொண்டுபோகிறேன்.