படிகள் இன்னும் நீளட்டும், கொன்கார்டியா குடில் அங்கேயே இருக்கட்டும்

சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்களில் பலர் யுங்ஃப்ரௌயோக் வரை ரயிலில் ஏறி, 3,454 மீட்டர் உயரத்திலிருந்து அலெட்ச் பனியாற்றைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பனியாற்றின் மேலேயே வழிகாட்டியோடு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பனிப்பிளவுகளை விலக்கிச் சில மணிநேரம் நடந்தால், பல பனியாறுகள் ஒன்றுகூடும் கொன்கார்டியா சமவெளியும், அதன் ஓரத்துப் பாறையில் 2,850 மீட்டர் உயரத்தில் நிற்கும், மலையேறுவோர் இராத்தங்கும் கொன்கார்டியா குடிலும் வரும். 1877-இல் அங்கே முதல் குடில் எழுவதற்கு முன், சிகரம் ஏற வந்தவர்கள் அதே பாறைச்சரிவில் இருந்த ஒரு குகையில்தான் இராத்தங்கினார்கள்.

குடில் கட்டப்பட்ட காலத்தில் பனியாறு அதன் காலடியில், சில பத்து மீட்டர் கீழேதான் இருந்தது. இன்று அந்த இடைவெளி 150 மீட்டரைத் தாண்டிவிட்டது. பாறை இருந்த இடத்திலேயே இருக்க, பனியாறு உருகித் தாழ்ந்துகொண்டே போகிறது. அதனால் செங்குத்தான பாறையில் அறைந்து பொருத்திய இரும்புப் படிக்கட்டைக் கீழ்ப்பக்கமாக நீட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். மணிக்கணக்காகப் பனியில் நடந்து ஓய்ந்த கால்களோடு அவற்றில் ஏறும்போது, படிகளுக்குப் பக்கத்தில் பனி தேய்த்து மழமழப்பாக்கிய பாறையைக் கையால் தொட முடிகிறது. ஒரு காலத்தில் பனி மூடியிருந்த பாறை அது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி எத்தனையோ வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன். எதுவும் அந்தப் பாறை அளவுக்கு என்னை உலுக்கியதில்லை.

இவ்வளவு சிரமப்பட்டு இந்தக் குடிலை ஏன் வைத்திருக்க வேண்டும், மூடிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் குடில் இருக்கும் பெர்ன் ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலேயே உள்ள முட்ஹார்ன் குடிலைக் கைவிட நேர்ந்ததையும் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே நிலைமை வேறு. ஆண்டு முழுதும் உறைந்திருந்த மலையின் உட்பகுதி இளகி, குடிலுக்குப் பின்னாலிருந்த பாறையே சரியத் தொடங்கியதால், ஆட்களை அங்கே தங்கவைப்பது ஆபத்தாகிவிட்டது. பாறை பிடிமானத்தோடு இருக்கும் வரை, படிகள் நீள்வதை மட்டும் காரணம் காட்டிக் கொன்கார்டியாவைக் கைவிடுவது தவறு என்றே நான் உறுதியாக நம்புகிறேன். வானிலை திடீரென்று மோசமாகும்போது, கண்ணுக்கெட்டிய தூரம் பனியாக விரிந்த அந்தப் பரப்பின் நடுவில் ஒதுங்குவதற்குக் கூரை என்று ஒன்று இருப்பது உயிர்ப் பிரச்சினை. காப்பாளர் இல்லாத மாதங்களில்கூட இத்தகைய குடில்களில் ஓர் அறை திறந்தே இருக்கும். தங்கியவர் தாமாகவே பணத்தைச் செலுத்திவிட்டுப் போவார். 1863-இல் தொடங்கிய சுவிஸ் ஆல்ப்ஸ் மலையேறுவோர் சங்கம் 150-க்கும் மேற்பட்ட குடில்களை இப்படிப்பட்ட நம்பிக்கையின் மேல்தான் நடத்திவருகிறது.

அதே போல, அவற்றை விடுதிகளாக மாற்றிவிடவும் கூடாது. வாசலில் பூட்சைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு, அங்கே கிடக்கும் பொதுச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறோம். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே நீள மேசையில் சூப் குடித்து, ஒரே பெரிய அறையில் வரிசையாகப் படுக்கிறோம். சிகரத்துக்குப் போகிறவர்கள் நள்ளிரவு கடந்ததும் எழுந்து, மற்றவர் உறக்கம் கெடாமல் தலைவிளக்கு வெளிச்சத்தில் கிளம்புகிறார்கள். குடிலின் பதிவேட்டில் பெயரோடு, அடுத்து எங்கே போகிறோம் என்பதையும் எழுத வேண்டும். ஒருவர் திரும்பாவிட்டால் மீட்புக்குழு முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். தனியறையும் வெந்நீர்க் குளியலும் கேட்கத் தொடங்கினால் இந்த ஒழுங்கு தானாகக் குலைந்துவிடும். தண்ணீரே அரிதான இடத்தில் அப்படிக் கேட்பது நியாயமும் அல்ல.

உணவுப் பொருள்கள் ஹெலிகாப்டரில் வரவேண்டியிருப்பதால், ஒரு தட்டுச் சாப்பாடும் ஒரு பாட்டில் தண்ணீரும் கீழே ஊரில் விற்பதைவிட விலை கூடுதலாகவே இருக்கும். அதைக் கொள்ளை என்று விமர்சனம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. படிக்கட்டை நீட்டுவதற்கும் பாறையைக் கண்காணிப்பதற்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை அங்கே தங்குகிற நாம் தருவதுதான் முறை. இரவுக் கட்டணம் இன்னும் சற்று உயர்ந்தாலும் நான் மனமாரக் கொடுப்பேன்.