மாடித் தண்ணி எங்க போகுது?

சுற்றுச்சூழலைக் காப்பாத்தணும்னு மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா எல்லாம் தாராளமா வாங்குங்க. அதுக்கு முன்னாடி, 2003ல கட்டாயமாக்குன மழைநீர் சேகரிப்பு உங்க வீட்டுல இன்னும் உயிரோட இருக்கான்னு பாருங்க. பல வீட்டுல பிளான் அப்ரூவலுக்காக வச்ச குழாய் அது. பாதியில உடைஞ்சு தெருவைப் பார்த்துக்கிட்டு நிக்கும்.

சென்னையில வருஷத்துக்குச் சராசரியா 1400 மி.மீ. மழை. 1000 சதுர அடி மாடியில 1 மி.மீ. பெஞ்சா 93 லிட்டர். அதுல 80 சதவீதம் கைக்கு வந்தாலும் வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் தாண்டும். 12,000 லிட்டர் லாரிக்கணக்குல எட்டு லாரிக்கு மேல.

புரட்டாசிக்குள்ள ஒரு நாள் மாடியைக் கூட்டிட்டு, தண்ணி இறங்குற வாய்ல பத்து பக்கெட் ஊத்துங்க. கீழ ஜல்லியும் மணலும் போட்ட ஃபில்டர் தொட்டி பக்கத்துல ஒருத்தர் நிக்கட்டும். தண்ணி வரலைன்னா நடுவுல இலையோ காக்கா கூடோ அடைச்சிருக்கு. வந்த தண்ணி ஃபில்டர்லயே தேங்கி வழிஞ்சா மேல் மணல்தான் கோளாறு. பல வருஷத் தூசி அது மேல அப்பளம் மாதிரி படிஞ்சு இறுகியிருக்கும். மேலாக ரெண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, அலசி, திரும்பப் போட்டாலே போதும். மொத்தமும் சேறாயிருந்தா காலி பண்ணிடுங்க: அடியில 40 மி.மீ. ஜல்லி, அது மேல 20 மி.மீ. ஜல்லி, நைலான் வலை, அதுக்கு மேல பருமணல். மேல ஒரு அடி காலியா விடணும், கனமழையில தண்ணி நிக்க இடம் வேணும். எம்-சாண்ட் (கல்லை உடைச்சு எடுக்கிற மணல்) போட்டா நல்லா அலசிப் போடுங்க, அதோட பவுடரே அடைச்சிடும்.

இந்தத் தண்ணியை, மோட்டார் ஓடுற போர்வெல்ல நேரா விடச் சொல்ற பிளம்பர் பேச்சைக் கேக்காதீங்க. கலங்கல் போய் போர்வெல் கேசிங் குழாயோட துளையை அடைக்கும், நிலத்தடி நீரும் கெடும். ஃபில்டர் தண்ணியை விட, பழைய கிணறு இருந்தா அதுதான் ராஜா. குப்பை போட்டு மூடிடாதீங்க. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் பூமிக்கு அஞ்சடிக் குழி வெட்டி சிமென்ட் உறை இறக்கினா போதும். விருகம்பாக்கம் பக்கம் களிமண், அதே குழி அங்க தொட்டியாத்தான் நிக்கும். குழிக்குள்ளயே ஆறு அங்குலத் துளை போட்டு, கீழ மணல் தட்டுற வரைக்கும் இறக்கி, ஜல்லி நிரப்பணும்.

முதல் மழைத் தண்ணி உள்ள போகக் கூடாது, அதுல பறவை எச்சமும் தூசியும்தான். அதுக்குன்னு ஒரு மீட்டர் குழாய்த் துண்டை மூடி போட்டுத் தொங்க விடுறாங்க. நாலு அங்குலக் குழாய் மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும். 1000 சதுர அடி மாடிக்கு அது எந்த மூலைக்கு? இறங்குற குழாயில டி-ஜாயின்ட் போட்டு, அதுல திறந்து மூடுற பால் வால்வு ஒண்ணு வச்சு, பருவத்தோட முதல் மழையை முழுசா வெளிய விடுங்க. மறுநாள் மறக்காம மூடுங்க. மூடலைன்னா ஐப்பசி, கார்த்திகை மழை மொத்தமும் சாக்கடைக்குத்தான்.