பேர் வரும்வரை உட்காருங்கள்

2025-ல் வந்த சூப்பர்மேன் படத்துக்கு அக்கா மகனைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். படம் முடிந்து விளக்கும் போட்டாயிற்று. பாப்கார்ன் டப்பா பொறுக்குகிற அம்மா எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். நான் மட்டும் எழுந்திரிக்கவில்லை. "மாமா, படம் முடிஞ்சிட்டுல்லா, வாங்க, அம்பை பஸ்ஸு போயிரும்" என்று கையைப் பிடித்து இழுக்கிறான். "பொறுலே, ஒரு பேரு வரும், பாத்துட்டுப் போவோம்" என்றேன். வந்தது. ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர். சூப்பர்மேனை உருவாக்கினவர்கள். எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது.

பஸ்ஸில் சேரன்மகாதேவி தாண்டுகிற வரைக்கும் அவனிடம் சொல்லிக்கொண்டு வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த சீகல் சூப்பர்மேனை மட்டும் எழுதியவர் இல்லை. நம்ம காமிக்ஸ் ஸ்பைடரையும் எழுதியவர். எண்பதுகளில் நெல்லைச் சீமையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஸ்பைடர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. கூர்க்காது, மேலேறிய நெற்றி, உடம்போடு ஒட்டின கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, பறக்கிற ஹெலிகார். குற்றச் சக்கரவர்த்தியாக வந்து, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடுகிறவன். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெரு முக்குப் பெட்டிக்கடையில், சணல் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். சிவகாசியில் அச்சான மலிவுத் தாள். வேர்த்த விரலோடு புரட்டினால் மை கட்டைவிரலில் ஒட்டிக்கொள்ளும். சோறு தின்ன உட்காரும்போது ஆச்சி விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

2002-ல் ஸ்பைடர்மேன் படம் வந்தபோது எங்கள் செட்டில் ஒருத்தன், நம்ம ஸ்பைடர்தான் சினிமாவாக வந்துவிட்டான் என்று நம்பி முதல் நாளே போனான். உள்ளே இருந்தது பீட்டர் பார்க்கர். அவர் 1962-ல் அமெரிக்காவில் பிறந்தவர், வேறு ஆள். நம்ம ஸ்பைடர் 1965-ல் இங்கிலாந்தில் 'லயன்' என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கியவன். முதலில் டெட் கோவன் எழுதினார், கொஞ்ச நாளில் சீகல் கைக்கு வந்தது. படம் வரைந்தவர் ரெக் பன். சினிமாவாக வரவில்லை என்பதாலேயே இந்த ஸ்பைடரை உலகம் மறந்துவிட்டது. சினிமாவில் வந்தால்தான் ஒரு கதைக்கு மதிப்பு என்கிற எண்ணம் எனக்கு ஆகவே ஆகாது.

அமெரிக்காவில் சூப்பர்மேனை உருவாக்கினவர் இங்கிலாந்துப் பத்திரிகைக்கு ஏன் எழுதினார்? 1938-ல் சீகலும் ஷஸ்டரும் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இருபது வயதைச் சற்றுத் தாண்டின இரண்டு பையன்கள். பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள், கதைகளில் இருந்து அவர்கள் பேரையும் எடுத்துவிட்டார்கள். கிடைத்த இடத்தில் எல்லாம் எழுதிப் பிழைத்தார் சீகல். அப்படிப் பிழைத்த காலத்தில் எழுதியதுதான் நம் கையில் மை ஒட்டவைத்த ஸ்பைடர். எழுபதுகளில் அவர் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ஷஸ்டருக்குப் பார்வை மங்கிவிட்டது. சூப்பர்மேனைப் பெரிய படமாக எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1975-ல் பத்திரிகைகளுக்கு நீண்ட கடிதம் எழுதி அந்தப் படத்தையே சபித்தார் சீகல். நீல் ஆடம்ஸ் போன்ற ஓவியர்கள் கூடவே நின்றார்கள். கடைசியில் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் உதவித்தொகை, கூடவே பேரும் திரும்பக் கிடைத்தது. 1978 படத்தில் அந்தப் பேர் திரையில் வந்தது. அதனால்தான் நான் எழுந்திரிக்கவில்லை.

பேட்மேன் கதை இதைவிட மோசம். 1939-ல் பாப் கேனோடு சேர்ந்து அந்த ஆளுக்கு உருவம் கொடுத்தவர் பில் ஃபிங்கர். 1974-ல் செத்தே போனார். 2015-ல்தான் பேர் போட ஒப்புக்கொண்டார்கள்.

நம்ம பக்கம் வருவோம். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதை எழுதத் தொடங்கியவர் கென் புல்மர், வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்தப் பேர்கள் எனக்குத் தெரிந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். நம் பதிப்பாளர்களைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்தக் கால இங்கிலாந்து வாரப் பத்திரிகைகளே எழுதினவர் பேரையோ வரைந்தவர் பேரையோ போடுவதில்லை. அந்தப் பழக்கத்தை உடைத்தது 1977-ல் வந்த '2000 ஏடி' என்ற வாரப் பத்திரிகை.

அந்த '2000 ஏடி'யில் முதலில் இருந்தே எழுதினவர் ஜான் வாக்னர். அவர் எழுத வின்ஸ் லாக் வரைந்து 1997-ல் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வந்தது. 2005-ல் டேவிட் குரோனென்பெர்க் அதைப் படமாக எடுத்தார். அந்தப் படத்தின் கதைதான் நம்ம 'லியோ'வுக்கு அடிப்படை. லியோ வந்த அன்றைக்குத் திருநெல்வேலியில் வெடி போட்ட பையன்களில் எத்தனை பேருக்கு வாக்னர் பேர் போய்ச் சேர்ந்திருக்கும்? அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நாம்தான், வாசித்தவர்கள்.

லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பேரில் ஒரு படம் எடுக்கப்போவதாகப் பல வருடமாகச் சொல்கிறார். வரட்டும், முதல் ஆளாக டிக்கெட் எடுப்பேன். ஆனால் அந்தப் பேர் இங்கிலாந்தில் இருந்து வந்தது இல்லை. அங்கே அது 'ஸ்டீல் கிளா' மட்டும்தான். 'இரும்புக்கை மாயாவி' என்று பேர் வைத்தது சிவகாசி. டைட்டில் கார்டில் பிளாஸ்கோவுக்கும் சிவகாசிக்கும் ஒரு வரி நன்றி வராவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

2023-ல் வந்த 'மாவீரன்' எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போது புரிகிறது. அதில் சிவகார்த்திகேயன் பேப்பருக்குத் தொடர் சித்திரக்கதை வரைகிற ஆள். அவன் வரைந்ததற்கு முதலில் அவன் பேரே கிடைக்காது. அதைப் பார்த்தபோது டீக்கடையில் தினத்தந்தியை விரித்ததும் கன்னித்தீவுக்குப் போகிற எங்கள் தாத்தா ஞாபகம் வந்தார். 1960-ல் தொடங்கிய கதை. லைலாவை மூசா மந்திரவாதி சுருக்கிவிட, சிந்துபாத் அவளோடு ஊர் ஊராக அலைகிறான். இத்தனை வருடம் ஓடுகிற கதை எந்தச் சினிமாவில் இருக்கிறது? பத்திரிகையைத் தொடங்கிய ஆதித்தனாருக்குத் திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழி. அதே தந்தி குழுமம்தான் 1984-ல் ராணி காமிக்ஸையும் கொண்டுவந்தது. அதில் வந்த ஜேம்ஸ் பாண்டை நாங்கள் சினிமாப் பாண்டின் நகல் என்று நினைத்தோம். உண்மையில் லண்டன் பேப்பரில் பாண்ட் படக்கதை 1958-லேயே வந்துவிட்டது. முதல் சினிமாவுக்கு நாலு வருடம் முந்தி.

சரி, அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பையன் பரணில் ஏறி என் பழைய காமிக்ஸ் டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டான். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, தாள் பழுத்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது. "இதுல பேரு எங்க மாமா போட்டிருக்கு?" என்று தேடினான். இல்லை. பென்சில் எடுத்துவரச் சொன்னேன். ஒவ்வொரு ஸ்பைடர் இதழாக முதல் பக்கத்தில் அவனே எழுதினான். ஓவியம்: ரெக் பன். மாயாவியில் ஹெசூஸ் பிளாஸ்கோ. 'ஹெசூஸ்' என்று எழுதத் திணறினான், நான் எழுத்துக் கூட்டினேன். ஒன்பது இதழ் முடிந்திருக்கிறது. மீதியை இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.